கடல் இல்லாத ஊரில் ஒரு பிள்ளைப்பேறு

வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் என் கணவர் குகன் இதைத்தான் காரணமாகச் சொல்லுவார். அதில் நியாயமும் இருக்கிறது.

அவருக்கு வேலை கிடைத்தது பெங்களூரில், பொம்மசந்திராவில் இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். நான் கொழும்பில், வெள்ளவத்தையில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி கைபேசியில் பெங்களூர் வரைபடத்தைத் திறந்தேன். பொம்மசந்திராவில் பெருவிரலை வைத்தேன், லிங்கராஜபுரத்தில் சுட்டுவிரலை வைத்தேன். ஒரு சாண்கூட இல்லை. லிங்கராஜபுரத்தில் தமிழ் ஆட்கள் அதிகம். பள்ளிக்கூடம் நடை தூரம், மகப்பேற்று மருத்துவமனை இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. அங்கேயே வீடு பார்க்கச் சொன்னேன். பதினொரு வருடம் வங்கியில் படிவங்களில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். என் முடிவை நான் இரண்டாம் தடவை சரிபார்ப்பதில்லை.

முதல் நாள் வேலைக்குப் போன குகன் வீடு திரும்ப இரண்டேகால் மணித்தியாலம் எடுத்தது. சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "உம்மட விரல் கொஞ்சம் பெரிசு" என்றார்.

நாங்கள் வந்து இறங்கியது நவம்பரில். என் வயிற்றில் பிள்ளைக்கு நாலரை மாதம். மகள் ஆரணிக்கு ஆறு வயது. ஐந்து பெட்டிகளோடு வந்தோம், ஒன்றிலும் குளிருடுப்பு இல்லை. இந்தியா என்றால் வெயில் என்று முடிவெடுத்ததும் நானே. முதல் நாள் மூன்று பேரும் வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு, துவாயைப் போர்த்திக்கொண்டு, அகதிகள் போல உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா உள்ளே வந்தார்.

வீட்டுக்குச் சொந்தக்காரி அவர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று தலைமுறைக்கு முன் ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். கணவர் இல்லை, மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். முன்னறையில் தையல் மெஷின் போட்டு, அந்தத் தெருவுக்கே சட்டை தைத்துக்கொடுக்கிறவர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். சோறும் கோழிக்குழம்பும் கொண்டுவந்திருந்தார். எங்களை உட்காரவைத்து அவரே பரிமாறினார். இரண்டாவது கரண்டிச் சோற்றோடு நான் "காணும் அக்கா" என்றேன். எங்கள் ஊரில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். அவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, தரையைப் பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா காணும்?" என்றார்.

நான் திரும்பவும் "காணும், காணும்" என்று கையை ஆட்டினேன். ஏதோ தொலைந்த கவலையில் நான் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று நினைத்து, இன்னொரு கரண்டி போட்டார். கடைசியில் குகன் கையை இலைக்கு மேல் பிடிப்பதுபோல் என் தட்டுக்கு மேல் பிடித்துக் காப்பாற்றினார். விஷயம் விளங்கியதும் அக்கா சிரித்துவிட்டு, இங்கே எல்லோருக்கும் விளங்க வேண்டுமானால் கன்னடத்தில் 'சாக்கு' என்று சொல்லு என்று சொல்லித்தந்தார். சாக்கு என்றால் எங்களுக்கு அரிசி கட்டும் பை. அப்படி நான் கற்ற முதல் கன்னடச் சொல் ஒரு கோணிப்பை.

இரண்டாம் நாள் காலை பாண் வாங்கப் போனேன். இலங்கையில் ரொட்டிக்கடையில் விற்கும் பிரெட்டுக்குப் பெயர் பாண். இந்த ஊர்க்காரர்கள் தமிழ் பேசுகிறார்கள், நானும் தமிழ் பேசுகிறேன், இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று ஆரணியையும் கூட்டிக்கொண்டு மூலைக்கடைக்குப் போனேன். பாண் இருக்கா என்று கேட்டேன். இருக்கிறது, சாதாவா ஸ்வீட்டா என்றார் கடைக்காரர். எங்கள் ஊர்ப் பேக்கரியில் கேட்பது போலவே இருந்தது. எனக்கு மேலே மொறுமொறுவென்று இருக்கும் ரோஸ்ட் பாணில் ஆசை. "ரோஸ்ட் பாண் இருந்தா நல்லம்" என்றேன். "ரோஸா, போட்டுத் தர்றேன்க்கா" என்று வேலையில் இறங்கினார்.

"அம்மா, மாமா வெத்திலை மடிக்கிறார்" என்றாள் ஆரணி.

அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, புகையிலை வேண்டாம், ரோஜா இதழ் குல்கந்து மட்டும் போடுகிறேன் என்று அக்கறையோடு சொன்னார். நான் வேறு பொருள் கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவு கவனமாக மடித்துக்கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. தெருவில் நின்று தின்றேன். உண்மையைச் சொன்னால் நன்றாக இருந்தது. பாண் எங்கே என்று கேட்ட குகனுக்குச் சிவந்த வாயைத் திறந்து காட்டினேன்.

சாப்பாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு ஹோட்டலில் இட்லிக்கு ஊற்றிய சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். நாலரை மாதக் கர்ப்பிணிக்கு உறைப்பு வரும் என்று வாயைத் திறந்து வைத்திருந்த இடத்தில் இனிப்பு வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அழுதேன். சத்தமாக இல்லை, கண்ணீர் மட்டும். பரிமாறியவர் காரம் அதிகமாகிவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டு, அதைவிட இனிப்பான இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

மருத்துவமனைக்கு முதல் தடவை குகனோடு போனேன். இரண்டாம் தடவை தனியாகப் போவதாகச் சொன்னேன். இரண்டு நிறுத்தம்தானே. என்னிடம் ஒரு கோப்பு இருந்தது. வண்ண வண்ணமாக ஒட்டுத்தாள் வைத்து, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கடவுச்சீட்டுப் பிரதிகள், பிரசவ நாள் என்று பிரித்து அடுக்கியிருந்தேன். அப்படி ஒரு கோப்பு கையில் இருக்கும்போது வழி தவற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில், எந்தச் சந்தில் விட்டாலும் கடல் ஒரு பக்கம் இருக்கும். காற்று வரும் பக்கம் கடல், எதிர்ப்பக்கம் காலி நகரத்துக்குப் போகும் பெரிய வீதி. பிறந்த குழந்தைக்கும் திசை தெரியும். பெங்களூரில் நான் வீட்டிலிருந்து பிரதான சாலைக்கு வந்து, பழக்கத்தில், கடல் எந்தப் பக்கம் என்று மனதுக்குள் தேடினேன். இல்லை. வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு நிறுத்தம் அல்ல, எட்டு நிறுத்தம் போனது. நடத்துனர் "டின் ஃபேக்டரி, டின் ஃபேக்டரி" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், இங்கே ஆஸ்பத்திரி ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். கழுத்தில் ஏதோ கம்பனியின் அடையாள அட்டை மாட்டியிருந்தார், என்னைவிட இளையவர். என் கோப்பில் இருந்த மருத்துவமனைப் பெயரைப் பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில், நீங்கள் எதிர்த் திசையில் வந்துவிட்டீர்கள் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் என்னோடு இறங்கினார். என் கோப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, மறு கையால் என் முழங்கையைப் பிடித்து, நிற்காமல் போய்க்கொண்டிருந்த அந்தச் சாலையைக் கடக்க வைத்தார். சரியான பஸ் வரும்வரை நின்றார். இவரை இன்ன இடத்தில் இறக்கிவிட வேண்டும் என்று அந்த நடத்துனரிடம் இரண்டு தடவை கண்டிப்பாகச் சொன்னார். பஸ் நகர்ந்த பிறகுதான், அவர் மறுபடி சாலையைக் கடந்து வேலைக்கு ஓடுவதைப் பார்த்தேன். பெயர்கூடக் கேட்கவில்லை. கோப்பில் அதற்கு ஒட்டுத்தாள் இல்லை.

ஆரணியின் பள்ளி ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தது. முதல் நாள் ஆசிரியை பெயர் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் ஆம் என்பதற்கு 'ஓம்' என்போம். இவளும் எழுந்து கைகட்டி "ஓம்" என்றாளாம். ஆசிரியை கொஞ்சம் திகைத்து, நீ புதுப் பிள்ளையா என்று கேட்க, மறுபடியும் "ஓம்". பக்கத்து வாங்கில், அதாவது பெஞ்சில், இருந்த பிள்ளைகள் கண்ணை மூடிக் கைகூப்பி ஓம், ஓம் என்று தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, இனிமேல் பள்ளியில் கதைக்கவே மாட்டேன் என்றாள். சொன்னபடி டிசம்பர் முழுக்க வாயைத் திறக்கவில்லை. நான் இணையத்தில் படித்துப் படித்துக் குகனிடம் விளக்கங்கள் சொன்னேன். பிள்ளையைத் தெருவில் விளையாட விடலாம் என்று ஸ்டெல்லா அக்கா சொன்னார். வாகனம் வரும் என்று நான் மறுத்தேன்.

ஸ்டெல்லா அக்கா தினமும் மாடிக்கு வருவார். கதவைத் தட்டும் வழக்கம் அவருக்கு இல்லை. ஏதாவது ஒரு தூக்குப்பாத்திரம் கையில் இருக்கும். வந்ததும் என் குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பார். இவ்வளவு காரம் தின்றால் குழந்தைக்குக் கண் எரியும் என்பார். மல்லாந்து படுக்காதே என்பார். காயப்போட்ட துணியை எடுத்து, நான் மடித்ததையும் சேர்த்து, மறுபடி மடிப்பார். கொழும்பு மாடிவீட்டில் ஒன்பது வருடம் இருந்தும் எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வாழ்ந்தவள் நான். அது எனக்கு ஒரு பெருமை போலவும் இருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம் கால் வீங்கி, தலையிடியோடு படுத்திருந்தேன். வழக்கம்போலக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கீரை மசியல். நான் எழுந்து உட்கார்ந்து, வங்கியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களிடம் பேசும் அந்த மென்மையான குரலில் சொன்னேன்: "அக்கா, வர முதல் கதவைத் தட்டினீங்கள் எண்டா நல்லம். சாப்பாடும் இனிக் கொண்டுவர வேண்டாம். எங்கட சாப்பாடு எங்களுக்குக் காணும்."

இந்தத் தடவை அந்தச் சொல் அவருக்கு உடனே விளங்கியது.

"சரிம்மா" என்றார். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாடிப்படி ஏறவில்லை.

நான் பேசியது பிழை என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. கீரை மசியலைச் சாப்பிட்டுக்கொண்டே தெரிந்தது. பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வெறும் பாத்திரமாகக் கொடுப்பது மரியாதை இல்லை, எங்கள் ஊர் இனிப்பான வட்டிலப்பம் செய்து கொடுப்போம் என்று திட்டமிட்டேன். முதல் தடவை அது இறுகவில்லை. இரண்டாம் தடவை அடிப்பிடித்தது. மூன்றாம் தடவைக்குள் மார்ச் வந்துவிட்டது. படியில் சந்தித்தால் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொள்வோம். மன்னிப்புக் கேட்க ஒரு நிமிடம் போதும். அதை நான் பதினொரு வாரமாக ஒத்திவைத்தேன், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு நல்ல காரணத்தோடு.

மார்ச்சில் வெயில் ஏறியது. நவம்பரில் துவாய் போர்த்தியவர்கள் இப்போது நனைந்த துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு திரிந்தோம். கீழே இருந்த ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. லாரித் தண்ணீர்தான். வாசலில் நிலத்துக்கு அடியில் இருக்கும் தொட்டியை இங்கே சம்ப் என்கிறார்கள். லாரி வந்து அதை நிரப்பினால் கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் ஒரு வாரம் வண்டி ஓடும். லாரிக்காரர் எல்லா வீட்டுக்கும் வேண்டியவர், ஆகையால் அவர் நினைத்த நாளில்தான் வருவார்.

ஏப்ரல் முதல் வாரம் பள்ளி விடுமுறை விட்டது. பிரசவத்துக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு. குகன் காலை ஆறரைக்கே போய்விட்டார். பத்து மணிக்கு வயிற்றுக்குள் ஒரு இறுக்கம் வந்தது. முந்தைய நாள் சாப்பிட்ட பிசிபேளாபாத் செமிக்கவில்லை என்று முடிவெடுத்தேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். சரியாகப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை செமிக்காமல் இருந்தது. அப்படியும் எனக்கு விளங்கவில்லை. குசினியில் நின்றபோது பன்னீர்க்குடம் உடைந்து கால் நனைந்த பிறகுதான் விளங்கியது.

கோப்பைத் திறந்தேன். 'பிரசவ நாள்' என்ற சிவப்பு ஒட்டுத்தாளில் முதல் இலக்கம் குகனுடையது. உடனே வெளிக்கிடுகிறேன் என்றார். இரண்டாவது, கைபேசியில் ஆட்டோ கூப்பிடுவது. நாலு நிமிடம் என்று காட்டியது. பிறகு ஓட்டுநர் அழைத்தார். தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது, உள்ளே வர முடியாது, நடந்து வாருங்கள் என்றார். மூன்றாவது இலக்கம் கோப்பில் இல்லை.

மாடிப்படியின் மேல் நின்றேன். கீழே ஸ்டெல்லா அக்காவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்க் கூப்பிட வேண்டும். அதற்கு முன் மன்னிப்புக் கேட்க வேண்டுமே. எந்த வாக்கியத்தில் தொடங்கலாம் என்று கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்தேன். அண்டைக்கு நான் கதைச்ச விதம் சரியில்லை என்று தொடங்கினால் நன்றாக இருக்கும், ஆனால் அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டால் பாதியில் நின்றுவிடும். இப்படி நான் இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்கையில் ஆரணி என்னைத் தாண்டிப் படியில் இறங்கி ஓடினாள். கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"அக்கா, அம்மாக்கு வலி வந்துச்சு. ஜல்தி வாங்க" என்ற குரல் கேட்டது.

அது என் மகளின் குரல். ஆனால் தமிழ் ஸ்டெல்லா அக்காவுடையது. நான் கீழ்வீட்டுக்கு முகம் கொடுக்காத பதினொரு வாரமும், நான் மத்தியானம் கண்ணயரும் நேரமெல்லாம், இவள் கீழே போய் வெட்டுத்துணியில் பொம்மை தைத்து, சாப்பிட்டு, தெருப் பிள்ளைகளோடு விளையாடி வந்திருக்கிறாள். வாயைத் திறக்காத பிள்ளைக்காக நான் படித்த கட்டுரைகளை நினைத்துக்கொண்டேன்.

மெஷின் நின்றது. கழுத்தில் நாடாவோடு ஸ்டெல்லா அக்கா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "அந்தச் செருப்பக் கழட்டு, வழுக்கும். என்னுது போட்டுக்கோ" என்றார். நான் "அண்டைக்கு" என்று தொடங்கினேன். "அப்புறம் பேசலாம். மூச்ச விடு" என்று என் இடுப்பில் கை கொடுத்தார்.

வாசலுக்கு வந்தால், தெருவை அடைத்து நின்ற லாரியின் குழாய் எங்கள் சம்ப்புக்குள்தான் இருந்தது. நாலு நாளாக அக்கா தொலைபேசியில் கெஞ்சி அன்றைக்குத்தான் வந்த தண்ணீர்.

"பைப்ப எடு. வண்டியப் பின்னால எடு" என்றார் அக்கா ஓட்டுநரிடம்.

"கால்வாசிதான்க்கா ரொம்பிருக்கு. இப்பப் போனா இந்தப் பக்கம் எப்ப வருவேன்னு சொல்ல முடியாது."

"வராத. எடு."

ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டுக் குழாயை உருவினார். மிச்சத் தண்ணீர் தெருவில் வழிந்தது. லாரி பின்னால் போக, அதன் பின்னால் நின்ற இருசக்கர வண்டிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போக, நான் வாயில்கதவைக் கட்டிப்பிடித்தபடி அந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினோம். பெங்களூர்த் தெருக்களின் வேகத்தடைகளை எண்ண நினைப்பவர்கள் யாராவது இருந்தால், எத்தனை என்று என்னைக் கேட்கலாம். ஒவ்வொன்றிலும் நான் "நோகுது" என்றேன். ஒவ்வொரு தடவையும் ஸ்டெல்லா அக்கா "வலிக்குதா?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். குகன் அழைத்தார். ஓசூர் ரோட்டில் நிற்கிறேன் என்றார். எங்கள் தமிழில் இருக்கிறேன் என்பதையும் நிற்கிறேன் என்றுதான் சொல்வோம். அன்றைக்கு அது நேர் அர்த்தத்திலேயே உண்மை.

மருத்துவமனையில் என் கோப்பைப் பெருமையோடு நீட்டினேன். பதிவு செய்யும் பெண் அதை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, அதில் இல்லாத ஒன்றைக் கேட்டார். கூட வந்த உறவினரின் கையெழுத்து. கணவர் வருகிறார் என்றேன். வரும்வரை யார் பொறுப்பு என்றார். ஸ்டெல்லா அக்கா பேனாவை வாங்கினார்.

"நீங்க இவங்களுக்கு யாரு?" என்று கன்னடத்தில் கேட்டார் அந்தப் பெண்.

"அக்கா" என்றார் அவர், அதே கன்னடத்தில். பதினொரு வாரம் கழித்து என்னை அவர் சொந்தம் கொண்டாடியதை நான் ஒரு படிவத்தின் கட்டத்துக்குள் பார்த்தேன்.

அந்தப் பெண் என் இலங்கைக் கடவுச்சீட்டைப் பார்த்தார், அக்காவின் லிங்கராஜபுரம் அடையாள அட்டையைப் பார்த்தார். கூடப்பிறந்த அக்காவா என்றார். ஸ்டெல்லா அக்கா கையெழுத்துப் போட்டபடியே சொன்னதன் தமிழ் இது: "அந்தப் பக்கம் கட்டிக் குடுத்துட்டோம். இப்பதான் திரும்பி வந்திருக்கா."

வாழ்க்கை முழுக்கப் பொய்த் தகவல் தந்த விண்ணப்பங்களைச் சிவப்பு மையால் சுழித்தவள், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

உள்ளே தாதி ஒருவர் வயிற்றில் கைவைத்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நீளமான வாக்கியம். அதில் ஒரு சொல் மட்டும் என் காதில் நின்றது: நோவு. வலிக்கு அவர்கள் சொல்லும் சொல். எங்கள் வீட்டில் சொல்லும் அதே சொல். ஐந்து மாதமாகப் புத்தகம் வைத்து 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று கன்னடத்தில் சொல்லப் பழகினேன், ஒருவரிடமும் சொல்ல வாய்க்கவில்லை. இதற்குப் பாடமே தேவைப்படவில்லை. "நோகுது" என்றேன். தாதி தலையாட்டி, எங்கே, எவ்வளவு என்று கையால் அளவு காட்டிக் கேட்டார். எல்லாம் விளங்கியது.

ஒரு மணிக்குப் பிறகு அறையில் ஆட்கள் வேகமாக நடக்கத் தொடங்கினார்கள். டாக்டர் அம்மா குனிந்து, பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, கொடி கழுத்தில் சுற்றியிருக்கலாம், இப்போதே அறுவைச் சிகிச்சை செய்துவிடுவோம் என்று அமைதியாகச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை நான் அவ்வளவு கோணலாக எழுதியதில்லை. குகன் இன்னும் பாதி வழியில். கதவருகே ஸ்டெல்லா அக்கா வந்தார். அவருடைய கழுத்து நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். பகிடி விடுவதற்கு அப்போது ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

"அக்கா, பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதோ?"

"தெரியலம்மா" என்றார். "நா இங்கயேதான் நிக்கறேன். எங்கயும் போமாட்டேன்."

ஒன்றும் ஆகாது என்று அதுவரை எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தெரியலம்மாவைத்தான் நான் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

திரைக்கு மறுபக்கம் அவர்கள் வேலை செய்தார்கள். பிள்ளையை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. யாரோ தட்டும் ஓசை கேட்டது, யாரோ கன்னடத்தில் ஏதோ சொன்னார்கள். பிறகு, மிகவும் கோபமாக, ஒரு அழுகை.

பையன். குகன் வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஒன்றரை மணி நேர வயது. கம்பனி பஸ், பிறகு யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள், பிறகு ஓட்டம் என்று வந்திருக்கிறார். வெளியே ஆரணியை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்காவின் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றாராம். ஆம்பளைப் பிள்ளை, இரண்டு பேரும் நல்லாயிருக்காங்க, முதலில் ஹெல்மெட்டைக் கழற்று என்று அக்கா சொன்னாராம். அந்த ஹெல்மெட் யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அம்மா வர இன்னும் நாலு நாள் இருந்தது. அடுத்த நாள் காலை ஸ்டெல்லா அக்கா மாடிக்கு வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிக்க வார்த்தார். ஆரணி சுடுதண்ணீரை அளந்து அளந்து ஊற்றினாள். ஒரு குடத்துக்குமேல் எடுக்கக் கூடாது என்று எனக்குச் சட்டம் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். அந்த லாரி மாமா அன்றிலிருந்து வரவேயில்லை, நானும் அக்காவும்தான் பின்தெருக் குழாயில் பிடித்துக்கொண்டு வருகிறோம், நேற்று மட்டும் ஒன்பது குடம் என்று பெருமையடித்தாள். ஸ்டெல்லா அக்காவுக்கு முழங்கால் வலி. படி ஏறும்போது பக்கவாட்டாகத்தான் ஏறுவார்.

ஆரணி குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போனதும் சொல்லத் தொடங்கினேன். வாக்கியம் எதுவும் தயாராக இல்லை. "அக்கா, நான் அண்டைக்கு" என்பதோடு நின்றுவிட்டது.

அவர் பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கதவு தட்டச் சொன்ன பாரு, அதுல எனக்கு ஒண்ணுமில்ல. உன் வூட்டுக் கதவு" என்றார். "எங்க சாப்பாடு எங்களுக்குப் போதும்னியே, அதுதான் ரொம்ப நாளு இங்கயே நின்னுச்சு." எண்ணெய்க் கையால் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினார்.

மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன். வங்கியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன சொல்.

"சரி. சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன்" என்றார். "உன் கொழம்புல உப்பு எப்பவுமே ஜாஸ்தி. அதையும் சொல்லிடறேன்."

பிள்ளையைத் துணியில் சுற்றி, பால் கொடுக்க வைத்து, முதுகைத் தட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தார். நான் கீழே வைத்திருக்கிறேன், பசித்தால் கொண்டுவருகிறேன், நீ படு என்றார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும், எங்கேயும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டேன் என்றும் சொன்னார். படியில் பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக, இறங்கும் சத்தம் கேட்டது.

சும்மா கண்ணை மூடிக்கொண்டு, அவன் அழுகிறானா என்று காது கொடுத்துக் கிடக்கலாம் என்றுதான் படுத்தேன். கீழே மெஷின் ஓடத் தொடங்கியது. யாரோ ஒரு பெண் சட்டைக்கு அளவு கொடுக்க வந்து, இது யார் பிள்ளை என்று கன்னடத்தில் கேட்டார். அக்கா சொன்ன பதில் காதில் விழுவதற்குள் தூங்கிவிட்டேன். எழுந்தபோது சன்னல் வெயில் சுவரை விட்டுத் தரைக்கு இறங்கியிருந்தது. பெங்களூருக்கு வந்த பிறகு நான் அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.